நீக்கலாம்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள்: மருத்துவமனையின் கணினிப் பிரிவு மேலாளர் அம்மா, வெளி நிறுவனத்திலிருந்து வந்திருந்த தணிக்கையாளர், இதய சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ், கணினிக் கணக்குகளைத் திறப்பதும் மூடுவதுமே வேலையாக உள்ள சுருட்டை, என் மாப்பிள்ளை, நான். சுருட்டை என்பது தலைமுடியை வைத்து வந்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவனுக்கு வேறு பெயர் வழங்கியதில்லை. தேநீர் கொண்டுவந்தவர் தட்டை வைத்துவிட்டு உடனே போய்விட்டார். அவரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

வந்திருந்தோர் யார் என்று முதலில் எழுதுவது என் வழக்கம். விசாரணை அதிகாரியான நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள், உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்துகொள்வார் என்றீர்கள். நேற்று அவர் தட்டிய பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. என் வாக்குமூலம் அந்தக் கோலத்தில் கோப்பில் ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் நானே எழுதித் தருகிறேன். நிதானமாகத்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதியது என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது. கோபம் இருக்கிறது. அது என் கையெழுத்தில் தெரியாது.

என் வேலை கையேடு எழுதுவது. எந்த இயந்திரத்தை எப்படித் தொடங்குவது, எந்தத் திரையில் எதை அழுத்துவது, எது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தவுடன் புரியும்படி எழுதுவது. ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் திரும்ப அழைத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் எழுதியதைச் சரிபார்க்கும் பழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது. சரிபார்த்தவர்கள் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது, பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

சேவைக் கணக்கு என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஒரு பெரிய மருத்துவமனையில் கணினிக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் மனிதர்கள் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்து வார்டுக்கு அனுப்பும் நிரல் நுழைகிறது. மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் நிரல் நுழைகிறது. அவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் தேவை. அப்படி நிரல்களுக்கென்று திறந்துவைத்தவைதாம் சேவைக் கணக்குகள். லீவு கேட்காத, கண்ணில் படாத வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்துவைத்தவர் வேலையைவிட்டுப் போன பிறகும் அவை பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருக்கும். திருடன் நுழைய இதைவிட நல்ல பின்கதவு இல்லை என்று தணிக்கையாளர் எச்சரித்தார். உடனே மாப்பிள்ளை ஒரு கருவி எழுதினார். மருத்துவமனை முழுவதும் தேடி, ஒளிந்துகிடக்கும் சேவைக் கணக்கு ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து வந்து திரையில் வரிசையாக நிறுத்தும் கருவி. அதற்குக் கையேடு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

மாப்பிள்ளையின் திறமையில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மரியாதை குறைத்து நான் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை. அலுவலகத்தில் என்னை ‘மாமா’ என்று கூப்பிட வேண்டாம், எல்லாரையும் போல ‘ஐயா’ என்றே கூப்பிடுங்கள் என்று அவர் சேர்ந்த அன்றே சொன்னேன். “சரி மாமா” என்றார்.

என் தம்பியைப் பற்றியும் எழுத வேண்டும். அந்த மருத்துவமனையில் கணினிகளை முதன்முதலில் ஒன்றோடொன்று பேசவைத்தவன் அவன்தான். அவனை அங்கே சேர்த்துவிட்டவன் நான். பழைய சேவைக் கணக்குகளில் பெரும்பாலானவை அவன் திறந்தவை. ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பிறகு அவன் கணவனைவிட்டு வந்த ஒரு பெண்ணோடு வேறு ஊருக்குப் போனான். இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றேன். ஏறவில்லை. அந்த அளவுக்கு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அந்தப் பெண் அவனுக்கு முன்பே இறந்தாள். சில ஆண்டுகள் கழித்து ஒரு வாடகை அறையில் அவனும் இறந்தான். அவன் விஷயத்தில் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

இப்போது அந்தக் கூட்டம்.

மாப்பிள்ளை கருவியை ஓட்டிக் காட்டினார். சுவரில் பெரிய திரை. இடமிருந்து வலமாகக் கட்டங்கள்: கணக்கின் பெயர், உரிமையாளர், கடைசிப் பயன்பாடு, நிலை. திரையில் வருவதெல்லாம் நம் மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது மேலாளர் அம்மாவின் உத்தரவு. நல்ல உத்தரவு. நானும் அதை ஆதரித்தவன்.

உரிமையாளர் என்ற கட்டத்தில் என் தம்பியின் பெயர் வந்தது. அதற்குக் கீழும் அவன் பெயர். அதற்குக் கீழும். மாப்பிள்ளை திரையை உருட்ட உருட்ட அவன் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நிலை என்ற கட்டத்தில், சிவப்பு எழுத்தில் ஒரே சொல்.

அநாதை.

தணிக்கையாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “யாருங்க இவரு? பாதி ஆஸ்பத்திரி இவரு பேர்லதான் ஓடுது போல?” என்று கேட்டார்.

“அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு சார். ஆனாலும் டூட்டிக்கு ஒழுங்கா வந்துடறாரு. ஓவர்டைம்தான் யாரும் குடுக்கல” என்றான் சுருட்டை.

சிரித்தார்கள். மேலாளர் அம்மா முதலில் சிரித்துவிட்டுப் பிறகு என் முகத்தைப் பார்த்து, சுருட்டைக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை சிரித்தாரா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் குனிவார்கள்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவரை நிறுத்தினேன்.

“மாப்பிள்ளை, அந்த வார்த்தையை மாத்திடுங்க.”

“எந்த வார்த்தை மாமா?”

அதை என் வாயால் சொல்ல நான் தயாராக இல்லை. “நிலைன்னு போட்டு அதுக்குக் கீழ வருதே, அது.”

“ஓ, அதுவா. எல்லா ஊர்லயும் அதுக்கு அப்படித்தான் பேரு மாமா. சொந்தம்னு சொல்லிக்க ஆள் இல்லாத கணக்கு. சின்ன மாமாவைச் சொல்லல, கணக்கைத்தான் சொல்றது.”

“பக்கத்துல அவன் பேருல்ல இருக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிப்பதுபோல் நின்றார் என்றுதான் அன்று எனக்குப் பட்டது. “சரி மாமா, வேற வார்த்தை குடுங்க, போட்டுடறேன். ஆனா அந்தக் கட்டத்துல மூணு எழுத்துக்கு மேல இடம் இல்ல. நாலாவது எழுத்து அடுத்த கட்டத்து மேல ஏறி உக்காந்துக்கும்.”

மூன்று எழுத்து. இந்த மொழியில் இத்தனை காலம் எழுதிப் பிழைத்தவனிடம் மூன்று எழுத்தில் ஒரு சொல் கேட்டார். நானும் தேடினேன். ‘உரியவர் இல்லை’ நீளம். ‘வெறுமை’ மூன்று எழுத்துதான்; என் தம்பியின் பெயருக்கு எதிரே வெறுமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘தனி’ என்றால் ஏதோ சிறப்புக் கணக்கு என்று பொருள்படும். நான் காகிதத்தில் எழுதி எழுதி அடிப்பதைச் சுருட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “காலின்னு போட்டுடலாமே ஐயா, ரெண்டே எழுத்து. எடம் மிச்சம்” என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவனை மன்னித்தேன் என்று பொருளில்லை.

மாப்பிள்ளை இன்னொரு வழியும் சொன்னார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கருவியில் ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே ‘உரிமை ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் உண்டு. யாராவது ஒரு ஊழியர் அதை அழுத்தித் தன் பெயரைக் கொடுத்தால் போதும். சிவப்புச் சொல் மறைந்துவிடும், கணக்கும் பத்திரமாக இருக்கும்.

“நீங்களே ஏத்துக்கோங்க மாமா. அண்ணன் தம்பிதானே. ஒரு அழுத்து, எல்லாம் உங்க பேருக்கு வந்துடும். அந்த வார்த்தையும் தானா போயிடும்.”

எவ்வளவு இலேசாகச் சொன்னார் பாருங்கள். அவன் விட்டுப்போனதை என் பெயரில் ஏற்பதா? ஏற்றால், அவன் என்னுடையவன் என்று அத்தனை பேர் பார்க்கும் திரையில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும். அவனை விலக்கிய அன்று குடும்பத்தின் முன் நான் சொன்ன சொல் என்னாவது? வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கும்.

மேலாளர் அம்மாவிடம் போனேன். “விடுங்க ஐயா, ஆடிட் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அந்த வரிசை ஒவ்வொரு மாதமும் எல்லாப் பிரிவுக்கும் அனுப்பப்படும் என்றும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்றும் அப்போதுதான் சொன்னார். கேன்டீனுக்குப் போகும் வழியில் ஒரு பலகை. மருந்தகத்தில் ஒன்று. என் தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னெழுத்தாகத் தாங்கிய ஒருவனுக்கு எதிரே அந்தச் சொல்லை ஊரே படித்துக்கொண்டு டீ குடிக்கும்.

இந்த இடத்தில்தான் கோடு வருகிறது. இதைக் கவனமாகப் படியுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது.

‘கடைசிப் பயன்பாடு’ என்ற கட்டத்தில் சில கணக்குகளுக்குத் தேதி வரும். சிலவற்றுக்கு ஒரு சிறு கோடு மட்டும் வரும். தம்பியின் பெயரில் இருந்தவை எல்லாவற்றுக்கும் கோடுதான். கையேட்டுக்காக மாப்பிள்ளை என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

“மாமா, கோடு வந்தா ரெண்டு அர்த்தம். ஒண்ணு, அந்தக் கணக்கை யாருமே தொடல. இன்னொண்ணு, தினமும் வேலை நடக்குது, ஆனா டூலுக்குக் கண்ணு தெரியல. சின்ன மாமா காலத்துப் பழைய முறையில உள்ள போற கணக்கெல்லாம் இது கண்ணுல படாது. அதனால கோடு வந்ததை விசாரிக்காம தொடக் கூடாது. இதைக் கொஞ்சம் பெருசா எழுதிடுங்க மாமா. ஆளைக் கொல்ற சமாச்சாரம்.”

ஆளைக் கொல்கிற சமாச்சாரம் என்பது அவர் வாயிலிருந்து வந்த சொல். நான் சேர்த்ததில்லை.

அவர் சொன்னபடியே எழுதினேன். தடித்த எழுத்தில், கட்டம் கட்டி எழுதினேன். அவர் படித்தார், ஒப்புதல் தந்தார், “மாமா எழுத்துன்னா மாமா எழுத்துதான்” என்றார். மூன்றெழுத்துச் சொல்லைத் தேடி நான் தோற்றது அதற்குப் பிறகு. பலகையில் ஒட்டுவார்கள் என்று தெரியவந்தது அதற்கும் பிறகு.

அன்று பிற்பகல் என் மேசைக்குத் திரும்பி, ஒப்புதல் பெற்ற அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கட்டத்தையும் தடித்த எழுத்தையும் எடுத்தேன். இப்படி எழுதினேன்: ‘கடைசிப் பயன்பாடு என்னும் இடத்தில் கோடு இருந்தால், அந்தக் கணக்கு ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை என்று பொருள். அதை நீக்கலாம்.’

இரண்டே வாக்கியங்கள். மயக்கம் தரும் ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய தெளிவான வரிகளில் அவையும் அடங்கும்.

நீக்கவும் என்று நான் எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். ‘வும்’ என்று முடிந்தால் கட்டளை. ‘லாம்’ என்று முடிந்தால் அனுமதி, செய்வதும் விடுவதும் படிக்கிறவர் பொறுப்பு. என்னைக் கண்டால் “ஐயா, சாப்பிடலாமா, சாப்பிடவுமா?” என்று கேலி பேசும் அளவுக்கு எல்லாருக்கும் இது தெரியும். நான் அனுமதி தந்தேன். அதற்கு மேல் எதுவும் தரவில்லை.

கோடு வந்த கணக்குகளில் எது என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஏற்கெனவே சொன்னேனே, தம்பி சொல்லச் சொல்ல எழுதியவன் நான். பெரும்பாலானவை செத்த கணக்குகள்தாம், எப்போதோ தூக்கியெறிந்த இயந்திரங்களுக்கானவை. ஒன்று மட்டும் உயிருள்ளது. இதய சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அறை. கட்டிலருகே நாடியைக் காட்டும் கருவி இருக்கும். அந்த அறைகளின் எண்களையெல்லாம் எடுத்துவந்து நர்ஸ்கள் உட்காரும் இடத்திலுள்ள ஒரே திரையில் காட்டுவது அந்தக் கணக்கின் வேலை. யாருக்காவது நாடி விழுந்தால் அந்தத் திரைதான் கத்தும்.

அதை மட்டும் விட்டுவைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். யோசிக்காமல் எதையும் எழுதுகிறவன் இல்லை நான். விட்டுவைத்தால், மற்ற எல்லாம் போன பிறகு, அந்த ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக இருந்த பெயர் தன்னந்தனியாக நிற்கும், அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டு. அது முன்னதைவிட மோசம். எங்கள் வீட்டுப் பெயர் அந்தத் திரையிலிருந்து போவதென்றால் முழுதாகப் போக வேண்டும்.

தலைமை நர்ஸ் என்னைத் தேடி வந்தார். பணிவான பெண்மணி. இன்றும் அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

“ஐயா, ஏதோ சுத்தம் பண்ணப் போறாங்களாமே. எங்க வார்டுல எதுவும் நின்னுடாதே? ரூமுக்கு ரூம் கதவு. உள்ள மணி அடிச்சா வெளிய காதுல விழாது. அந்தத் திரைதான் எங்களுக்குக் கண்ணு.”

“கையேட்டுல எல்லாம் எழுதியிருக்கும்மா.”

“நீங்க எழுதினதா?”

“நான் எழுதினதுதான்.”

“அப்போ சரி” என்று போய்விட்டார்.

நீக்கும் நாளன்று மாப்பிள்ளை லீவில் இருந்தார். அந்த லீவைப் போடச் சொன்னவனும் நான்தான். மகள் பல்வலி என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அலுவலகம் எங்கும் ஓடிவிடாது என்றேன். பெண்ணைப் பெற்றவன் அக்கறையாகச் சொல்வதை எந்த மாப்பிள்ளை தட்டுவார்?

சுருட்டை வந்து என் மேசையோரம் நின்றான். விளையாட்டுப் பிள்ளைதான், ஆனால் அன்று அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கிறது.

“ஐயா, கோடு போட்டதையெல்லாம் தூக்கிடவா? நிறைய வருது.”

“கையேடு என்ன சொல்லுது?”

“நீக்கலாம்னு இருக்கு.”

“அப்புறம் என்னை ஏன் கேக்கறே?”

“இல்ல, அவருகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு…”

“பொண்டாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கிற மனுஷனைப் போன் போட்டுத் தொந்தரவு பண்றது உங்க வீட்டுப் பழக்கமா?”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “சரிங்க ஐயா” என்று போனான். கொஞ்ச நேரத்தில் வரிசை புதுப்பிக்கப்பட்டது. என் இருக்கையிலிருந்தே பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை உருட்டினேன். தம்பியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் தந்தை உயிரோடிருந்தபோது வாசலைக் கழுவிவிட்ட பிறகு வீடு எப்படி இருக்குமோ, திரை அப்படி இருந்தது. எனக்குப் பசித்தது. கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது இதய சிகிச்சைப் பிரிவின் வழியாக வந்தேன். அது சுற்றுவழி. ஏன் அந்த வழியாக வந்தேன் என்று கேட்டால், என் வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்ப்பது எப்போதும் என் வழக்கம். நர்ஸ்கள் உட்காருமிடத்தில் திரை ஒளிர்ந்தது. அணைந்துவிடும், அல்லது பிழை என்று காட்டும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. கடைசியாக வந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. எல்லா அறைக்கும் பச்சை. நான்காம் அறைக்கு எழுபத்திரண்டு. நான் நின்று பார்த்தேன். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. உயிருள்ள மனிதனின் நாடி அப்படி ஒரே எண்ணில் நிற்காது. எழுபத்தொன்றுக்கு இறங்கும், எழுபத்து நான்குக்கு ஏறும். எனக்கு அது தெரியும், அந்தத் திரையின் கையேடும் நான் எழுதியதுதான்.

தலைமை நர்ஸ் தலை நிமிர்ந்து, “என்ன ஐயா இந்தப் பக்கம்? சாப்பாடு ஆச்சா?” என்றார்.

“ஆச்சும்மா” என்றேன்.

என் இருக்கைக்குப் போனேன்.

நான்காம் அறையில் இருந்தவர் ஒரு தையற்காரர். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் கட்டிலில் உட்கார்ந்தபடி நர்ஸ்களின் மேலங்கிகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஏழாம் அறையில் ஒரு பெண், பள்ளி வேன் ஓட்டுகிறவர். மாலை மருந்து கொடுக்கப் போனபோதுதான் பார்த்திருக்கிறார்கள். தலைமை நர்ஸ் உங்களிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது: “கதவைத் திறக்கறேன், உள்ள மணி அடிச்சிட்டே இருக்கு. எவ்வளவு நேரமா அடிச்சுதோ. வெளிய வந்து திரையைப் பார்த்தா, பச்சை.” அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று அறிகிறேன். அந்த இரு குடும்பங்களுக்கும் என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அவர்கள் மேலும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கருவி யாருடையது என்று கேட்டார்கள். மாப்பிள்ளையுடையது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், பிறகு உங்களிடம் ஒப்படைத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லைத் திரையில் போட்டு என் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தியவர், சந்தி எப்படி இருக்கும் என்று தாமும் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன். என் மகள் அவர் மனைவி என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் தாங்குவார்கள்.

அவள் வந்தாள். கதவைச் சாத்தவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, நடுக்கூடத்தில் நின்றாள்.

“அவரு என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா? அந்தக் கட்டத்தை அகலமாக்கறதுக்கு மல்லுக்கட்டிட்டு இருந்தாரு. ‘உங்கப்பா முகம் வாடிப்போச்சு, பார்க்க முடியல’ன்னாரு. அடுத்த தடவை அந்த லிஸ்ட் வரும்போது அந்த வார்த்தை இருக்காது, ‘பொறுப்பாளர் தேவை’ன்னு வரும், அதுவரைக்கும் பலகையில ஒட்ட வேண்டாம்னு மேடம்கிட்ட கெஞ்சியிருக்காரு.”

“என்கிட்ட சொல்லலியே.”

“சொல்ல விட்டாத்தானே? வாயைத் தொறந்தாலே ‘மாப்பிள்ளை, இது ஆபீஸ்’னுவீங்க.” பிறகு அவள் சொன்னது: “அநாதைங்கிற வார்த்தை ஏன் உங்களுக்கு அப்படிச் சுட்டுதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. சித்தப்பா பிணம் அப்படித்தானே போச்சு. நம்ம வீட்டுல இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தாக்கூட முனிசிபாலிட்டி எரிச்சிருக்காது. நாங்க கேள்விப்பட்டு ஓடறதுக்குள்ள சாம்பல்கூட இல்ல. அங்க நின்னு அழுதவரு யாரு தெரியுமா? நீங்க உள்ள தள்ளியிருக்கீங்களே, அவரு.”

என் வீட்டுக் கூடத்தில் செருப்புக் காலோடு நிற்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நான் பேசாமலே இருந்திருப்பேன். என்னைப் பேசவைத்தது நீங்கள் போன வாரம் எனக்குப் படித்துக் காட்டிய மாப்பிள்ளையின் வாக்குமூலம். பழைய பக்கமும் மாற்றிய பக்கமும் அவரிடம் இருக்கின்றன. மாற்றியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இப்படிச் சொல்லியிருக்கிறார்: “மாமாவுக்கு வயசாயிடுச்சு சார். கண்ணு முன்ன மாதிரி இல்ல. திருத்தும்போது ஒரு அர்த்தம் விட்டுப்போச்சு. மனுஷன்தானே. அவரை விட்டுடுங்க, டூல் என்னுது, பொறுப்பு நான் ஏத்துக்கறேன்.”

ஏற்றுக்கொள்கிறாராம். என் தம்பியை ஏற்றுக்கொள்ளச் சொன்ன அதே வாய், இப்போது என்னை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் அரசு வழக்கறிஞரும் தலையை ஆட்டினார். முதியவர், தவறுதலாக எழுதிவிட்டார், அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

என் கண் சரியாக இருக்கிறது. என் எழுத்தில் எதுவும் தவறுதலாக விட்டுப்போனதில்லை. அந்த இரண்டு வாக்கியங்களையும் அவற்றின் பொருள் முழுவதும் தெரிந்து, எந்தக் கணக்கு போகும், எந்தத் திரை நிற்கும், எந்தக் கதவுகளுக்குப் பின்னால் யார் படுத்திருப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்து, முழு நினைவோடு நான் எழுதினேன். திரை நின்றதைக் கண்ணால் கண்டும் சொல்லாமல் போனேன். இரண்டு பேரையும் கொன்றது என் எழுத்து. மாப்பிள்ளைக்கு இதில் பங்கில்லை. பங்கு கொடுக்கவும் நான் தயாராக இல்லை. அவர் வீட்டுக்குப் போகலாம்.

முடிக்குமுன் ஒரு செய்தியைச் சரிசெய்ய வேண்டும். என் தம்பியின் உடலைப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை என்று உறவினரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. என் மகளும் அதை நம்புகிறாள். அது தவறு. அவன் சட்டைப்பையில் என் தொலைபேசி எண் இருந்ததால் எனக்குத்தான் முதலில் சொல்லி அனுப்பினார்கள். நான் போனேன். துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள். யாருமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.